பழைய வெள்ளிக் காசுகள்: பங்கு வைக்கும் முன், உருக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை



கடலூர் முதுநகர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் பகுதிகளில் வீட்டுப் பெரியவர் மவ்த்தான பிறகு பெட்டியைத் திறந்தால், துணியில் முடிந்துவைத்த வெள்ளிக் காசுகள் சில வீடுகளில் கிடைக்கும். ராஜா தலை போட்ட ரூபாய்கள் இருக்கும். மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சபர் போய்வந்த குடும்பமாக இருந்தால் பெரிய டாலர் காசுகளும் இருக்கும்.

இவற்றைப் பிள்ளைகள் பெரும்பாலும் எண்ணிக்கையில் பங்கிட்டுவிடுகிறார்கள். அண்ணனுக்கு இருபது, தங்கைக்குப் பத்து என்று எண்ணிக் கொடுத்தால் ஷரீஅத் சட்டப்படி சரியாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் அண்ணனுக்குப் போனவை 1920ஆம் ஆண்டுக் காசுகளாகவும், தங்கைக்குப் போனவை 1944ஆம் ஆண்டுக் காசுகளாகவும் இருந்தால், தங்கைக்குச் சேர வேண்டிய வெள்ளியில் கிட்டத்தட்ட பாதி குறைந்துவிடும். இரண்டு காசுகளும் ஒரே எடை, ஏறத்தாழ ஒரே அளவு என்பதால் யாருக்கும் தெரியவும் தெரியாது. வாரிசுகளின் ஹக்கு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரு காசுக்கு மூன்று மதிப்பு

பழைய வெள்ளிக் காசின் விலையை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அதில் உள்ள சுத்த வெள்ளியின் எடை, அந்தக் காசு கிடைப்பதன் அருமை, அது தேயாமல் இருக்கும் நிலை. நகைக்கடையில் பார்ப்பது முதலாவதை மட்டும். நாணயம் சேகரிப்பவர் மூன்றையும் பார்ப்பார்.

1. வெள்ளியின் எடை

1835 முதல் 1939 வரை அடிக்கப்பட்ட பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. அதில் 91.7 சதவீதம் வெள்ளி. சுத்த வெள்ளி சுமார் 10.69 கிராம் வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல், வெள்ளி 50 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எடை மாறவில்லை, உள்ளே இருக்கும் வெள்ளி 5.83 கிராம்தான். 1947ஆம் ஆண்டு ரூபாய்கள் முழுக்க நிக்கல், வெள்ளியே இல்லை. இவை காந்தத்தில் ஒட்டும். வெள்ளி ஒட்டாது.

மலாயா பக்கமிருந்து வந்த டாலர்களிலும் இதே கவனம் தேவை. பிரிட்டானியா எனும் பெண் உருவம் சூலத்துடன் நிற்கும் பிரிட்டிஷ் வணிக டாலர் 1895 முதல் 1935 வரை, பெரும்பாலும் பம்பாய், கல்கத்தா நாணயச்சாலைகளில் அடிக்கப்பட்டது. எடை 26.95 கிராம், வெள்ளி 90 சதவீதம். இதன் பின்புறம் சீன எழுத்தும் அரபு எழுத்தும் இருக்கும். அரபு எழுத்தைப் பார்த்து அரபு நாட்டுக் காசு என்று நினைத்துவிடக் கூடாது. அது ஜாவி எழுத்தில் எழுதப்பட்ட மலாய் மொழி.

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் செட்டில்மென்ட்ஸ் டாலர் 1903இல் வந்தபோது அதே 26.95 கிராம் எடை இருந்தது. வெள்ளி விலை ஏறியதால் 1907இல் 20.21 கிராமாகக் குறைத்தார்கள். 1919, 1920ஆம் ஆண்டு டாலர்கள் 16.85 கிராம்தான், அதிலும் வெள்ளி பாதி. எல்லாவற்றிலும் எழுதியிருப்பது ‘ஒரு டாலர்’ என்றே. ஆகவே ஆண்டையும் எடையையும் பார்க்காமல் விலை பேசக் கூடாது.

2. அருமை

பழையது என்பதற்காக மட்டும் ஒரு காசு அரியது ஆகிவிடாது. 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாய் பலரிடம் உண்டு. அதே ஆண்டைப் பொறித்தே 1874 வரை அடித்ததால் அது ஏராளம். பார்சி எழுத்துள்ள ஆற்காடு ரூபாயும் அப்படித்தான். கும்பெனியார் சென்னையில் அடித்த காசுகளில் ஹிஜ்ரி 1172 என்ற ஆண்டையே பல பத்தாண்டுகள் கழித்தும் பொறித்தார்கள். 1780 என்று பொறித்த மரியா தெரசா வெள்ளிக் காசு அரபு நாடுகளில் நெடுங்காலம் புழங்கியது. அதையும் பிற்காலத்தில் பல நாடுகளில், பம்பாயில்கூட, அடித்திருக்கிறார்கள்.

மறுபுறம், 1911ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்குத் தனி வரலாறு உண்டு. மன்னரின் அங்கியில் இருந்த சிறிய யானை, தும்பிக்கை குட்டையாக இருந்ததால் பன்றி போலத் தெரிந்தது. முஸ்லிம்களிடையே எதிர்ப்பு எழுந்ததும் அரசு அதை நிறுத்தி, வெளியிடாமல் இருந்தவற்றை உருக்கியது. 1912 முதல் யானை திருத்தப்பட்டது. இதனால் 1911 ரூபாய்க்குச் சேகரிப்பாளர்களிடம் மற்ற ஆண்டுகளைவிடக் கூடுதல் மதிப்பு உண்டு. 1939ஆம் ஆண்டு ரூபாய் அதைவிட அரியது. அதனால்தான் அதில் போலிகளும் அதிகம்.

3. நிலை

நாணயத்தின் தேய்மானத்தை வைத்துத் தரம் பிரிக்கிறார்கள். உருவத்தின் வெளிக்கோடும் எழுத்தும் தெரிந்து, நுண்வேலை தேய்ந்திருந்தால் ‘ஃபைன்’. தலைமுடி, கிரீடம், உடையின் வேலைப்பாடு பெரும்பாலும் தெரிந்தால் ‘வெரி ஃபைன்’. மேடான இடங்களில் மட்டும் லேசான தேய்மானம் என்றால் ‘எக்ஸ்ட்ரீம்லி ஃபைன்’. புழக்கத்துக்கே வராமல் அச்சடித்தபடி இருந்தால் ‘அன்சர்க்குலேட்டட்’, சுருக்கமாக ‘யுஎன்சி’. அமெரிக்காவில் ஷெல்டன் என்பவர் 1949இல் கொண்டுவந்த 1 முதல் 70 வரையிலான எண் முறையும் இப்போது உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. அதில் 60க்கு மேல் என்றால் புழங்காத காசு.

இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் பெரிய தவறு நடக்கிறது. கறுத்திருக்கிறதே என்று புளி, சாம்பல், பல்பொடி போட்டுத் தேய்க்கிறோம். அந்தக் கறுப்பு காசுக்கு இயல்பானது. சேகரிப்பாளர் அதையே விரும்புவார். தேய்த்துப் பளபளப்பாக்கிய காசு தரத்தில் இறங்கிவிடும். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்த காசும், துளையிட்ட காசும் பெரும்பாலும் வெள்ளி விலைக்கே போகும். எனவே கழுவாமல், ஓரத்தைப் பிடித்து எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வையுங்கள்.

பங்கு, ஜகாத், விற்பனை

பங்கு வைக்கும்போது காசுகளை ஆண்டுவாரியாகப் பிரித்து, சுத்த வெள்ளியைக் கணக்கிட்டு, அரியவை இருந்தால் தனியே மதிப்பிட்டு, அதன் பிறகே ஃபராயிள் முறைப்படி பிரிப்பது நியாயமானது. வீட்டுப் பெண்களையும் உட்காரவைத்து அந்தப் பட்டியலைக் காட்டுங்கள்.

வெள்ளியின் ஜகாத் நிஸாபை 595 கிராம் என்றும் 612 கிராம் என்றும் உலமாக்கள் கணக்கிடுகின்றனர். 595 கிராம் சுத்த வெள்ளி என்று கொண்டால், தேயாத 1939 வரையிலான ரூபாய்கள் 56 இருந்தாலே அந்த அளவு வந்துவிடும். கலப்பு வெள்ளியை எப்படிக் கணக்கிடுவது, அணியும் காசு மாலைக்கு ஜகாத் உண்டா என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய காசைக் கொடுத்துவிட்டு, எடை வித்தியாசத்துடன் புதிய வெள்ளி நகை வாங்குவதையும் தவிர்க்க வேண்டும். வெள்ளிக்கு வெள்ளி மாற்றினால் சம எடையாகவும் கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும் என்பது மார்க்கச் சட்டம். காசை விற்றுப் பணத்தைக் கையில் வாங்கிய பிறகு நகை வாங்குவதே பாதுகாப்பான வழி. விற்பவர் நாமாக இருந்தால், தேய்த்ததையும் பற்றவைத்ததையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

‘இந்தக் காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள்’ என்று வரும் அழைப்புகளை நம்பாதீர்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிக் கட்டணமும் வரியும் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நாணயங்கள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் வகையில் வருவதால், வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு விற்க அனுப்புவதும் கூடாது. வீடு கட்டப் பள்ளம் தோண்டும்போது புதையலாகக் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது சட்டக் கடமை.

இன்ஷா அல்லாஹ், இந்த வாரமே வீட்டில் உள்ள காசுகளை எடுத்து, ஆண்டையும் எடையையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெரியவர்கள் ஹயாத்தோடு இருக்கும்போதே எழுதினால், எந்தக் காசு யார் சபரிலிருந்து கொண்டுவந்தது என்பதையும் அவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். நாளை பங்கு வைக்கும்போது யாருடைய ஹக்கும் யாரிடமும் தங்காமல் இருக்க அந்தத் தாள் உதவும்.