ஆளில்லாத காடும் நாயகனில்லாத சந்தையும்

2011 செப்டம்பரில், ஃபுளோரிடாவின் அனிமல் கிங்டம் பூங்காவில் ‘அவதார்’ படத்துக்கென்று தனிப் பகுதி கட்டப்போவதாக டிஸ்னி அறிவித்தபோது, தீம் பார்க் ரசிகர்களில் பலர் முகம் சுளித்தார்கள். 2015 ஆகஸ்டில் ‘ஸ்டார் வார்ஸ்’ தொடருக்குக் கலிஃபோர்னியாவில் ஒன்று, ஃபுளோரிடாவில் ஒன்று என இரண்டு பகுதிகளை அதே டிஸ்னி அறிவித்தபோது ஆரவாரம் எழுந்தது. முன்னதைக் கேட்டவர்களின் கேள்வி, இந்தப் படத்துக்கு இது தகுமா என்பது. பின்னதைக் கேட்டவர்களின் கேள்வி, இவ்வளவு காலம் ஏன் தாமதித்தார்கள் என்பது. அவதார் பகுதியான பண்டோரா 2017 மே 27 அன்று திறந்தது. ஸ்டார் வார்ஸ் பகுதியான கேலக்ஸிஸ் எட்ஜ் 2019 மே 31 அன்று கலிஃபோர்னியாவிலும், ஆகஸ்ட் 29 அன்று ஃபுளோரிடாவிலும் திறந்தது. இன்று இரண்டையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால், அன்றைய ஐயமும் அன்றைய நம்பிக்கையும் ஒரே அளவுகோலிலிருந்து பிறந்தவை என்பதும், அந்த அளவுகோலே பிசகியிருந்தது என்பதும் தெரிகிறது.

அந்த அளவுகோல் ரசிகர்களின் பற்று. அதைக் கொண்டு அளந்தால் போட்டிக்கே இடமில்லை. 1977-இல் தொடங்கிய ஸ்டார் வார்ஸை மூன்று தலைமுறைகள் சொந்தம் கொண்டாடுகின்றன; படத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவருக்கும் டார்த் வேடரின் மூச்சுச் சத்தம் தெரியும். 2009 டிசம்பரில் வந்த அவதாரோ அதுவரை எந்தப் படமும் ஈட்டாத வசூலை ஈட்டியது. ஆனாலும் சில ஆண்டுகள் கழித்து அதன் நாயகனின் பெயரைக் கேட்டால் பலர் யோசித்துத்தான் சொன்னார்கள். வசனம் எதுவும் நாவில் தங்கவில்லை. குழந்தைகள் அந்த வேடம் போட்டுத் தெருவில் விளையாடவில்லை. இரண்டாம் படம் வரப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. உலகமே பார்த்துவிட்டு மறந்த படம் என்ற பேச்சு நிலவிய காலத்தில்தான் அதற்காகப் பன்னிரண்டு ஏக்கர் ஒதுக்கினார்கள்.

அளவுகோலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கட்டியவர்கள் எடுத்த முடிவுகளை வரிசையாகப் பார்ப்போம். இங்கேதான் எதிர்பாராத உறவு தென்படுகிறது. பண்டோராவில் படத்தின் நாயகன் ஜேக் சல்லி இல்லை, நாயகி நெய்த்திரி இல்லை. கேலக்ஸிஸ் எட்ஜ் திறந்தபோது அங்கே லூக் இல்லை, லெயா இல்லை, டார்த் வேடர் இல்லை. பண்டோராவின் காலம் படத்தில் வரும் போர் முடிந்து ஒரு தலைமுறைக்குப் பின். கேலக்ஸிஸ் எட்ஜின் காலம் எட்டாவது படத்துக்கும் ஒன்பதாவது படத்துக்கும் நடுவில். பண்டோராவின் மோவாரா பள்ளத்தாக்கு திரையில் வராத இடம். கேலக்ஸிஸ் எட்ஜ் அமைந்திருக்கும் பட்டூ கிரகமும் திரைப்படங்களில் வராத இடம். இரண்டிலும் வருகிறவர் பயணியாகவே நடத்தப்படுகிறார். அங்கே ஒரு விண்வெளிச் சுற்றுலா நிறுவனம் உங்களை அழைத்து வந்திருக்கிறது. இங்கே ஒதுக்குப்புறமான வணிகத் துறைமுகத்தில் நீங்கள் வந்து இறங்கியிருக்கிறீர்கள். இரண்டிலும் ஊழியர்கள் அந்தந்த உலகத்தின் முகமனைச் சொல்லி வரவேற்கிறார்கள். படத்தில் நடந்த கதையைத் திரும்ப நடித்துக் காட்டுவதை இரண்டுமே விலக்கின. கதை நடக்கக்கூடிய இடத்தைக் கொடுத்துவிட்டு, இனி இது உங்கள் கதை என்றன.

ஒரே நிறுவனம், ஏறக்குறைய ஒரே பத்தாண்டு, ஏறக்குறைய ஒரே கொள்கை. ஆனால் பண்டோராவில் யாரும் ஜேக் சல்லி எங்கே என்று கேட்கவில்லை. பட்டூவில் லூக் எங்கே என்ற கேள்வி முதல் நாளிலிருந்தே ஓயவில்லை.

காரணம் தேட இரண்டு சிறு நுணுக்கங்களைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். பண்டோராவின் ‘ஃப்ளைட் ஆஃப் பாசேஜ்’ ரைடில் மோட்டார் சைக்கிளில் அமர்வதுபோல் காலை இருபுறமும் போட்டு உட்கார வேண்டும். பறக்கத் தொடங்கியதும், நீங்கள் ஏறியிருக்கும் பான்ஷீ என்ற பறவைவிலங்கு மூச்சு விடுகிறது. அதன் விலா விரிந்து சுருங்குவது இரு முழங்கால்களுக்கு நடுவே தெரிகிறது. திரையில் விரியும் காட்டைவிட இந்த மூச்சையே பலரும் நினைவில் வைத்துப் பேசுகிறார்கள். பட்டூவின் தரையிலும் இதற்கு இணையான நுணுக்கம் ஒன்று உண்டு. சேறு காய்ந்து இறுகியதுபோல் வார்க்கப்பட்ட அந்தக் கான்கிரீட்டில் டிராய்டு எனப்படும் ரோபோக்களின் சக்கரத் தடங்கள் ஓடுகின்றன. கற்பனையாகக் கீறியவை அல்ல அவை. ஆர்2-டி2வின் அசல் சக்கரங்களை அச்செடுத்து, ஈரம் காயுமுன் உருட்டிப் பதித்தார்கள். இரண்டுமே அபாரமான கைவேலை. முதலாவதை உணர அவதார் பார்த்திருக்க வேண்டியதில்லை, முழங்கால் இருந்தால் போதும். இரண்டாவதை உணர ஸ்டார் வார்ஸை நேசித்திருக்க வேண்டும். அப்படி நேசித்தவர் அந்தத் தடத்தைக் கண்டதும், தடத்துக்குரியவர் எங்கே என்றுதான் நிமிர்ந்து பார்ப்பார்.

அவதாரின் கதை மெலிந்தது, இடம் செறிந்தது. அந்தப் படம் ரசிகர் மனத்தில் ஆட்களை விட்டுச் செல்லவில்லை. மிதக்கும் மலைகளையும் இருட்டில் ஒளிரும் செடிகளையும் விட்டுச் சென்றது. மேலும் அது ஒரே இடத்தின் கதை. படத்தில் காட்டிய காட்டுக்கு அடுத்த பள்ளத்தாக்கு என்றால் அதுவும் அந்தக் காடுதான், யாருக்கும் மறுப்பில்லை. ஸ்டார் வார்ஸில் கிரகங்கள் காட்சிக்குக் காட்சி மாறும் திரைச்சீலைகள். பாலைவனம், பனி, காடு என எல்லாவற்றையும் கடந்து கூடவே வருபவர்கள் ஆட்கள், கூடவே வருவது ஒரு பழைய விண்கலம். ஆட்களை எடுத்துவிட்டு, பார்த்தறியாத இன்னொரு கிரகத்தைக் கொடுத்தால், அந்தத் தொடரின் பிடிமானம் எதுவோ அதையே கழற்றிவிட்டதாகிறது. பண்டோராவில் அவதாரின் பலவீனமே பலமானது. பட்டூவில் ஸ்டார் வார்ஸின் பலமே பாரமானது.

பட்டூவிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. அங்கே வருகிறவர்களை முதலில் நிறுத்துவது அந்தப் பழைய விண்கலம், நூறடிக்கு மேல் நீளமுள்ள மில்லேனியம் ஃபால்கன். அதன் ரைடில் ஏறுமுன் கலத்தின் உட்கூடத்தில் சில நிமிடங்கள் காத்திருக்கச் சொல்கிறார்கள். அங்கே அந்த வட்டச் சதுரங்க மேசை இருக்கிறது. அதைச் சுற்றி வளைந்த இருக்கையில் யார் வேண்டுமானாலும் அமரலாம். நாற்பது ஆண்டு திரையில் பார்த்த மூலையில் உட்கார்ந்து படமெடுத்துக்கொள்ள வரிசை கட்டுகிறார்கள். பட்டூவில் மிக விரும்பப்படும் இடம், பட்டூவைச் சேராத இடம்! 2019 டிசம்பரில் ஃபுளோரிடாவிலும் அடுத்த மாதம் கலிஃபோர்னியாவிலும் சேர்ந்த ‘ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ்’ இதையே வேறு வழியில் சொல்கிறது. சிறைப்பிடிக்கப்பட்டு, வரிசையாக நிற்கும் ஸ்டார்ம்ட்ரூப்பர்களைக் கடந்து, கைலோ ரென்னின் வாள் கூரையைத் துளைத்து இறங்குவதைப் பார்த்துத் தப்பும் அந்த ரைடு, உலகின் தலைசிறந்த ரைடுகளில் ஒன்று என்றே கருதுகிறேன். அதில் படத்தின் ஆட்கள் வருகிறார்கள். பண்டோராவின் தலைசிறந்த ரைடில் பெயர் சொல்லும்படியான படப் பாத்திரம் எதுவும் இல்லை.

ஒரு படத்தொடர் தனி நிலத்துக்குத் தகுதியானதா என்று எடை போட, அதன் வசூலும் ரசிகர் தொகையும் எனக்கு இப்போது இரண்டாம்பட்சம். அந்தப் படத்தைப் பார்த்தவர் அதில் வரும் ஒருவரைச் சந்திக்க ஏங்குகிறாரா, அதில் வரும் ஓரிடத்தில் போய் நிற்க ஏங்குகிறாரா என்பதே முதல் கேள்வி. இரண்டும் சம அளவில் கூடிய அரிய உதாரணம் ஹாரி பாட்டர். 2010 ஜூனில் யுனிவர்சல் திறந்த ஹாக்ஸ்மீட் வாசகர்கள் ஏற்கெனவே மனத்தில் நடந்து பழகிய தெரு. பட்டர்பியர் அவர்கள் ஏற்கெனவே குடிக்க ஆசைப்பட்ட பானம். ஹாக்ஸ்மீட் அமைந்த பூங்காவின் வருகை, துறையின் ஆண்டு மதிப்பீடுகளின்படி, 2009-இல் 46 லட்சமாக இருந்து 2011-இல் 76 லட்சத்தைத் தாண்டியது. பண்டோராவும் கேலக்ஸிஸ் எட்ஜும் அந்த வெற்றியைக் கண்டு டிஸ்னி கொடுத்த பதில்கள் என்பது வெளிப்படை.

இரண்டாவது கேள்வி, வந்து சேரும் நிலம் பூங்காவோடு ஒட்டுகிறதா என்பது. இது குறைவாகவே பேசப்படுகிறது. அனிமல் கிங்டம் 1998-இல் திறந்தபோது உயிருள்ள விலங்குகள், அழிந்த விலங்குகளோடு புராண விலங்குகளுக்கும் ஒரு பகுதி திட்டமிடப்பட்டிருந்தது. பூங்காவின் சின்னத்தில் டிராகன் ஒன்று இன்றும் இருக்கிறது. அந்தப் பகுதி கட்டப்படவே இல்லை. அதற்கென விட்டிருந்த இடத்தில் தற்காலிகமாக வந்த மின்னி-மிக்கி முகாம் பதினைந்து ஆண்டுக்கு மேல் நீடித்தது. அந்த நிலத்தில்தான் பண்டோரா எழுந்தது. பூங்காவை உருவாக்கிய ஜோ ரோடேதான் பண்டோராவின் வடிவமைப்பையும் முன்னின்று நடத்தினார். இயற்கையைக் காக்க வேண்டும் என்று எங்கும் சொல்லும் பூங்காவில், காட்டை அழிக்க வந்தவர்களை எதிர்த்த படம் வந்து அமர்ந்தது. அசல் செடிகளுக்கு நடுவே செய்த செடிகளை நட்டு, எது எதுவென்று பிரிக்க முடியாமல் செய்தார்கள். மிதக்கும் மலைகளைத் தாங்கும் எஃகை, மலையிலிருந்து தொங்கும் கொடிகளாக வேடமிட்டு மறைத்தார்கள். இருபது ஆண்டுக்கு முன் பூங்கா கொடுத்த வாக்கு, வேறொரு நிறுவனம் எடுத்த படத்தால் நிறைவேறியது. அவதாரை எடுத்த ஃபாக்ஸை டிஸ்னி வாங்கியது 2019-இல்தான்.

கலிஃபோர்னிய டிஸ்னிலேண்டில் நிலைமை வேறு. 1955-இல் திறந்த அந்தச் சிறு பூங்காவில் 1987 முதலே ‘ஸ்டார் டூர்ஸ்’ ரைடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்டார் வார்ஸ் அங்கே விருந்தாளியல்ல. ஆனாலும் பதினான்கு ஏக்கர் கண்டுபிடிக்க ஒரு பண்ணையை இடித்து, படகுகள் சுற்றும் ஆற்றின் போக்கையே மாற்றினார்கள். அமெரிக்க எல்லைப்புறத்தை நினைவூட்டும் பகுதிக்குப் பின்னால் வேற்றுக் கிரகம் எழுந்தது. ஃபுளோரிடாவின் ஹாலிவுட் ஸ்டூடியோஸில் அது இன்னும் இயல்பாகப் பொருந்துகிறது; அந்தப் பூங்காவே சினிமாவுக்கென்று பிறந்தது.

இதுவரை தராசு பண்டோரா பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால் அழகு அங்கேதான், உழைப்பு அங்கேதான் என்று முடித்துவிடக் கூடாது. பண்டோராவில் நாவிகள் எங்கே? பத்தடி உயர நீலமனிதர்களை நடமாடவிட முடியாது என்பது புரிகிறது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் குடிகள் பறக்கும் ரைடிலும் படகு ரைடிலும் மட்டுமே தென்படுகிறார்கள். காட்டை ரசிக்கலாம், அங்கே செய்வதற்கு அதிகமில்லை. இரண்டு ரைடும் முடிந்து, இரவில் தரை ஒளிர்வதையும் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. பட்டூவில் நெரிசல், பேரம், பேச்சு. இஸ்தான்புல்லின் சந்தைகளையும் மராக்கேஷின் சந்துகளையும் நேரில் பார்த்து வந்து வடிவமைத்த கடைத்தெரு அது. செவ்பாக்கா கலத்தைப் பழுதுபார்க்க வருவார். ஸ்டார்ம்ட்ரூப்பர்கள் வழிமறித்துக் கேள்வி கேட்பார்கள். ஃபால்கனை ஓட்டும்போது இருவர் விமானிகள், இருவர் சுடுபவர்கள், இருவர் பொறியாளர்கள். மோசமாக ஓட்டினால் மோசமாகவே முடியும். தம் கையால் ஒளிவாள் சேர்க்கும் சடங்கில் (திறந்தபோது அதற்கு 200 டாலர்) பெரியவர்கள் கண்கலங்குவதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். பண்டோரா உங்களைச் சுமந்து செல்கிறது. பட்டூ உங்களிடம் வேலை வாங்குகிறது. விளையாட விரும்புகிறவருக்குப் பட்டூவே பெரிது.

வருகைக் கணக்கையும் நிதானமாகவே படிக்க வேண்டும். அனிமல் கிங்டத்தின் வருகை 2016-இல் ஏறத்தாழ 1 கோடியே 8 லட்சம் என்றும், 2018-இல் 1 கோடியே 37 லட்சம் என்றும் மேலே சொன்ன துறை மதிப்பீடுகள் சொல்கின்றன. கேலக்ஸிஸ் எட்ஜ் திறந்த காலாண்டில் டிஸ்னியின் அமெரிக்கப் பூங்கா வருகை 3 விழுக்காடு குறைந்தது. ஆனால் கூட்டத்துக்குப் பயந்து பலர் பயணத்தைத் தள்ளிப்போட்டார்கள், முதல் வாரங்களில் முன்பதிவின்றி உள்ளே போக முடியவில்லை, முக்கிய ரைடு தயாராகவில்லை, சில மாதங்களில் கொரோனா வந்து பூங்காக்களையே மூடிவிட்டது. இந்த எண்களைக் கொண்டு பட்டூவைத் தோல்வி என்பது நேர்மையாகாது. தோல்வி என்று சொல்லத் தகுந்தது வேறொன்று: பட்டூவின் கொள்கையை அதன் கடைசி எல்லைவரை கொண்டுபோன ஃபுளோரிடாவின் ‘கேலக்டிக் ஸ்டார்க்ரூஸர்’ விடுதி. இரண்டு இரவு முழுக்கக் கதைக்குள் வாழும் அந்த அனுபவம் 2022 மார்ச்சில் தொடங்கி 2023 செப்டம்பரில் மூடப்பட்டது.

அதற்கு முன்பே பட்டூவின் காலக்கோடு வளையத் தொடங்கியிருந்தது. 2022-இல் போபா ஃபெட்டும், பின்னர் மாண்டலோரியனும் குரோகுவும் கலிஃபோர்னியப் பட்டூவில் நடக்கத் தொடங்கினார்கள்; கதைக் கணக்கில் அவர்களுக்கு அங்கே வேலையில்லை, கண்டவர்கள் மகிழ்ந்தார்கள். பின்னர் டிஸ்னி முழு முடிவையே மாற்றியது. 2026 ஏப்ரல் 29 முதல் கலிஃபோர்னியப் பட்டூவின் காலம் பழைய மூன்று படங்களின் காலத்துக்கு நகரும், லூக், லெயா, ஹான் சோலோ, டார்த் வேடர் அங்கே நடமாடுவார்கள், ஜான் வில்லியம்ஸின் பழைய இசையும் தெருவில் ஒலிக்கும் என்று அறிவித்தது. பண்டோராவைப் பொறுத்தவரை அப்படியொரு திருத்தம் தேவைப்படவில்லை. கலிஃபோர்னியா அட்வென்ச்சர் பூங்காவிலும் அவதாருக்கு ஓரிடம் வரும் என்பதே 2024-இல் வந்த அறிவிப்பு. பிந்தைய படங்கள் கடலையும் நெருப்பையும் காட்டிவிட்டதால், இந்த முறை காட்டை விட்டு வேறு நிலத்தைத் தேர்ந்தெடுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது.

காலமாற்ற அறிவிப்பு கலிஃபோர்னியாவுக்கு மட்டும்தான். ஃபுளோரிடாவின் பட்டூ முதலில் வகுத்த காலத்திலேயே தொடர்கிறது. ஒரே வரைபடம், ஒரே சந்தை, ஒரே ஃபால்கன். ஒன்றில் பழைய நாயகர்கள் உண்டு, மற்றொன்றில் இல்லை. நாயகர்கள் வந்துவிட்ட சந்தையில் மக்கள் கூடுதல் நேரம் தங்குகிறார்களா, வேடரோடு படமெடுத்துக்கொண்டு அடுத்த ரைடுக்கு நகர்ந்துவிடுகிறார்களா என்பதை இனி இந்த இரண்டு பட்டூக்களையும் ஒப்பிட்டே அறியலாம்.