மூன்று நாள் கடல்

காஞ்சிமாநகரமே தென்னிந்தியாவின் கடல்வாயில் என்றும், அங்கிருந்து சிங்களத் தீவுக்கு மூன்று நாள் மரக்கலப் பயணம் என்றும், முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 640இல், இந்நகருக்கு வந்த சீன யாத்திரிகர் ஹியூன் சாங்கின் சரித்திரம் கூறுகிறது. காஞ்சி கடற்கரையில் அமைந்த ஊரன்று. பல்லவர் துறைமுகமான மாமல்லபுரத்தை அடையவே சுமார் 65 கிலோமீட்டர் கடக்க வேண்டும். அந்த மூன்று நாட்கள் பாய் விரித்த பின்னர் எண்ணப்பட்டவை. தெற்கே செல்ல வடகிழக்குக் காற்றையும், திரும்பி வரத் தென்மேற்குக் காற்றையும் எதிர்நோக்கிக் கரையில் கழித்த மாதங்கள் அக்கணக்கில் சேரவில்லை.

சீனத்திலிருந்து பாலைவனங்களையும் பனிமலைகளையும் கடந்து வந்த அம்மகான், இந்தச் சிறு கடலைக் கடக்கவே இல்லை என்பது என் மனத்தை இன்றும் உருக்கும் செய்தி. அவர் புறப்பட எண்ணியிருந்த தருணத்தில் இலங்கையிலிருந்து முந்நூறு பிக்ஷுக்கள் காஞ்சிக்கு வந்து சேர்ந்து, அரசன் இறந்துவிட்டான், நாட்டில் பஞ்சமும் கலகமும் மிகுந்துள்ளன என்று தெரிவித்தனர். யோக சாஸ்திரத்தில் தமக்கிருந்த ஐயங்களை அவர்களிடமே வினவிய யாத்திரிகர், நாளந்தாவில் சீலபத்திரர் கற்பித்ததற்கு மேலாக ஒன்றும் கிடைக்கவில்லை என்று கண்டு, தம் பயணத்தைக் கைவிட்டார். அந்தச் சீலபத்திரரின் ஆசாரியர் தர்மபாலர் இதே காஞ்சியில் பிறந்தவர் என்பதை எண்ணும்போது, யாத்திரிகர் தேடிச் சென்ற ஞானத்தின் ஊற்றுக்கண் அருகிலேயே அன்று அவர் நின்றிருந்தார் என்று கொள்வதில் தவறில்லை. அரசிழந்து பல்லவனிடம் அடைக்கலம் புகுந்த இலங்கை இளவரசன் மானவர்மனோ, அதே மூன்று நாள் தூரத்தைக் கடந்து சென்று தன் சிம்மாசனத்தில் அமர நெடுங்காலம் காத்திருந்தான். பல்லவர் சேனை இருமுறை கடல் தாண்ட வேண்டியிருந்தது.

வான்வழித் தூரத்தையும் நம் முன்னோர் கணக்கிட்டதுண்டு. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து மணிமேகலையைத் தெய்வம் ஆகாய மார்க்கமாக மணிபல்லவத் தீவுக்குக் கொண்டு சென்ற தூரம் முப்பது யோசனை என்கிறார் சாத்தனார். பின்னர் மந்திர வலிமையால் தானே பறந்து வந்த அத்துறவி, காஞ்சியை வானிலிருந்தே வலம்வந்து, பசியால் வாடிய நகரின் நடுவே இறங்குகிறாள்.

1947 டிசம்பரில் ஏர் சிலோன் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தபோது, யாத்திரிகர் கேட்டறிந்த மூன்று நாட்கள் சில மணி நேரமாகச் சுருங்கின. இன்று சென்னைக்கும் கொழும்புக்கும் இடையிலுள்ள ஏறத்தாழ 650 கிலோமீட்டரை விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் கடந்துவிடுகிறது. காஞ்சியில் பட்டு வாங்கிக்கொண்டு திரும்பும் இலங்கைத் தமிழர், மீனம்பாக்கம் வந்து சேரவே அவ்வளவு நேரம் செலவிடுகின்றனர். யாழ்ப்பாணமோ இன்னும் அண்மையில், சுமார் 350 கிலோமீட்டரில் உள்ளது. ஆயினும் யுத்தம் அவ்வழியைப் பல ஆண்டுகள் அடைத்து வைத்தது. 2019 நவம்பரில் தொடங்கிய சேவையும் மறு ஆண்டே கொள்ளைநோயால் நின்று, 2022 டிசம்பரில்தான் மீண்டும் நடைபெறலாயிற்று.