அச்சுக்கு மை, உடம்புக்கு எண்ணெய்



மாட்டுவண்டி ஓட்டினவங்களுக்குத் தெரியும். அச்சுல மை தீர்ந்துட்டா வண்டி கத்த ஆரம்பிச்சிரும். அப்படியே ஓட்டினா அச்சும் தேயும், மாடும் களைச்சுப்போகும். எங்க அப்பா சக்கரத்தைக் கழட்டி, வைக்கோல் கரியை விளக்கெண்ணெய்ல குழைச்சு மை வைப்பார். அவருக்குச் சரகர் யாருன்னு தெரியாது. ஆனா ஏறக்குறைய 2,000 வருசப் பழசான சரக சம்ஹிதையில, எண்ணெய் தேய்ப்பு பற்றிச் சொல்ற இடத்துல இதே வண்டி அச்சுதான் உதாரணமா வருது. எண்ணெய் ஊறின மண்குடம், எண்ணெய் போட்ட தோல், மை வைச்ச அச்சு இதெல்லாம் எப்படி உறுதியா உழைக்குதோ, அப்படித்தான் எண்ணெய் தேய்ச்ச உடம்பும்னு அந்த நூல் சொல்லுது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. எள்ளோட நெய்தான் நமக்கு எண்ணெய். வடமொழியில எள்ளுக்குத் திலம்னு பேரு. தைலம் அதுல இருந்து பிறந்தது. ரெண்டு மொழிக்காரங்களும் எள்ளை ஆட்டித்தான் எண்ணெய்க்கே பேர் வைச்சிருக்காங்க. நாலு சென்ட்ல எள்ளு விதைச்சாலும் எனக்கு இது ஞாபகம் வரும்.

எங்க ஊர் பொள்ளாச்சிப் பக்கம். பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்தும் மழையும் வர்ற மாதிரி, மலையாள வைத்தியமும் இங்கே வந்து போய்க்கிட்டிருந்தது. அந்தப் பக்கம் அஷ்டவைத்தியர் குடும்பங்கள் வாக்படரோட அஷ்டாங்க ஹிருதயத்தை மனப்பாடமா வைச்சிருந்தாங்க. தலை, காது, பாதம் மூணுக்கும் எண்ணெய் முக்கியம்னு அதுல இருக்கு. நமக்கு ஆடி மாசம்னா அவங்களுக்குக் கர்க்கடகம். விடாத மழை, வயல்ல வேலை குறைவு. அந்த மாசம் உழிச்சலுக்கும் பிழிச்சலுக்கும் ஏத்த காலம். பிழிச்சல்னா, மரத்தொட்டியில ஆளைப் படுக்கவைச்சு, வெதுவெதுப்பான எண்ணெய்ல துணியை நனைச்சு மேலே பிழிஞ்சுக்கிட்டே தேய்க்கிறது. 60 நாள்ல விளையுற ஞவரை அரிசியைப் பால்லயும் குறுந்தொட்டிக் கஷாயத்துலயும் வேகவைச்சு, மூட்டை கட்டி ஒத்தடம் கொடுக்கிறதும் உண்டு. நெல் வகையில ஒண்ணை வைத்தியத்துக்குன்னே காப்பாத்தி வைச்சிருந்தாங்கன்னா பாருங்க.

எங்க ஊர்ல மரத்தொட்டியும் இல்லை, சுலோகமும் இல்லை. இந்த வேலை குடிமகன் வீட்டுக்காரங்க கையில இருந்தது. ஆம்பளைங்க முடி வெட்டுவாங்க, கட்டிக்கு மருந்து போடுவாங்க, கல்யாணத்துல மங்கல வாழ்த்தும் சொல்லுவாங்க. பொம்பளைங்க பிரசவம் பார்ப்பாங்க. 1909ல வந்த எட்கர் தர்ஸ்டனோட தென்னிந்தியச் சாதிகள் பற்றின தொகுப்புலயும், ஆண்கள் ரண வைத்தியம் பார்த்ததும் பெண்கள் மருத்துவச்சியா இருந்ததும் பதிவாகியிருக்கு.

எங்க வீட்டுக்கு வந்த அந்தம்மாவை நல்லா ஞாபகம் இருக்கு. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையை முழங்காலுக்குக் கீழே குப்புறப் போட்டு எண்ணெய் தடவுவாங்க. பயத்தமாவு தேய்ச்சு, வெந்நீர் ஊத்தி, சாம்பிராணி காட்டி முடிச்சா குழந்தை அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கும். பிள்ளை பெத்தவளுக்கு இடுப்பும் காலும் உருவிவிட்டு, அரப்பு போட்டு, நொச்சித்தழை போட்ட வெந்நீர் ஊத்துவாங்க. கூலி வருசத்துக்கு ஒருதரம்தான். களத்துல இத்தனை வள்ளம் சோளம்னு அளந்து கொடுப்போம்.

1988ன்னு நினைக்கிறேன். அப்பா கீழே விழுந்து பத்து நாள் படுத்துக் கிடந்தார். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிருச்சு. "எண்ணெய் போட்டு உருவிவிடு"ன்னு அந்தம்மாவை வரச்சொன்னார். அவங்க புறங்கையால தொட்டுப் பார்த்துட்டு, "சூடா இருக்குதுங்க சாமி. இதை உருவக்கூடாதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க"ன்னு எண்ணெய்க் கிண்ணத்தைத் தள்ளி வைச்சுட்டாங்க. அப்பா திட்டினார். அவங்க அசையலை. ரத்தக்குழாய்ல ரத்தம் கட்டியிருக்கு, உருவியிருந்தா அது பிரிஞ்சு நுரையீரலுக்குப் போயிருக்கலாம்னு டாக்டர் சொன்னார்.

எப்போ தேய்க்கக் கூடாதுங்கிறதை வாக்படரும் எழுதியிருக்கார். சளி கட்டினவங்க, அப்போதான் பேதி மாதிரி சுத்தி செஞ்சவங்க, அஜீரணக்காரங்க வேண்டாம்கிறார். அவர் எழுதினது நூலா நின்னுது. அந்தம்மாவுக்குத் தெரிஞ்சது அவங்க கையோட போயிருச்சு.

ஏன் போச்சுன்னா, அதுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1902ல பி.எஸ். வாரியர் கோட்டக்கல்ல ஆரிய வைத்தியசாலை ஆரம்பிச்சு, தைலத்தையும் கஷாயத்தையும் தயாரா விற்க வழி பண்ணினார். 1921ல மதராஸ் அரசாங்கம் முகமது உஸ்மான் தலைமையில குழு போட்டது. 1925ல சென்னையில இந்திய மருத்துவப் பள்ளி வந்தது. ஆயுர்வேதம், சித்தா, யுனானி மூணுக்கும் பாடம், பட்டம். அது இல்லாட்டி இந்த வைத்தியமே நிலைச்சிருக்காது, மறுக்கலை. ஆனா எழுதப் படிக்கத் தெரியாத கைக்கு அங்கே இடம் ஏது? நூலுக்கு மரியாதை கிடைச்சது, தைலப் பாட்டிலுக்கு விலை கிடைச்சது. தேய்ச்ச கைக்குச் சோளம்தான்.

பழசெல்லாம் நல்லதுன்னும் சொல்ல வரலைங்க. பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனதால பிழைச்ச தாய்மார் எத்தனையோ பேர். குழந்தை மூக்குல எண்ணெய் விடுற பழக்கம் அந்தம்மாகிட்டயும் இருந்தது. அது நுரையீரலுக்குப் போனா நிமோனியா வரும், செய்யாதீங்க. தேய்ப்பு பிடிப்பை இளக்கும், அலுப்பைத் தீர்க்கும், தூக்கம் தரும். உடைஞ்ச எலும்பையும் கட்டின ரத்தத்தையும் அது சரிபண்ணாது.

என் மனசுல உறுத்துறது வேற ஒண்ணு. என்னைப் பெத்தெடுக்க எங்கம்மா பக்கத்துல இருந்தது அந்தம்மாதான். என் உடம்புல முதல்ல எண்ணெய் வைச்சதும் அவங்கதான். பேச்சு வந்த நாள்ல இருந்து நான் அவங்களைப் பேர் சொல்லி, "வா, போ"ன்னுதான் கூப்பிட்டேன். ஊரே அப்படித்தான் கூப்பிட்டுச்சு. அப்பாவைக் காப்பாத்தின பிறகும் நான் மாத்திக்கலை. இப்போ எழுதும்போது "அவங்க"ன்னு எழுதுறேன். அதைக் கேட்க அவங்க இல்லை. மகன் திருப்பூர்ல சலூன் வைச்சிருக்கார். அந்தக் கைவேலை அவர் வீட்டுல யாருக்கும் தெரியாது.

டவுன்ல காசு கொடுத்து அப்யங்கம் செஞ்சுக்கிறீங்க, நல்லதுதான். அடுத்தமுறை சொந்த ஊருக்குப் போனா, பிள்ளைக்குத் தண்ணி ஊத்தின பாட்டி யாராவது இருக்காங்களான்னு விசாரிங்க. எதுக்கு எண்ணெய் வைக்கலாம், எதுக்கு வைக்கக்கூடாதுன்னு கேட்டு எழுதி வைங்க. போனதும் முதல்ல "நல்லா இருக்கீங்களா"ன்னு கேளுங்க. நான் கேட்காம விட்டது அது.