மேற்குக் கரையில் ஒரு மனாரா

அரபு மொழியில் ‘நூர்’ என்றால் ஒளி. ‘மனார்’ என்றால் ஒளி இருக்குமிடம். பள்ளிவாசலின் உயர்ந்த கோபுரத்தை நாம் ‘மினாரா’ என்று வழங்குவது இச்சொல்லின் வழி வந்ததே. ஆனால் அரபு நூலாசிரியர்கள் ‘மனார்’ என்று எழுதும்போது, பல இடங்களில் அது கடற்கரையில் கப்பல்களுக்கு வழிகாட்டிய கோபுரத்தையே குறிக்கும். தமிழில் அதற்குக் கலங்கரை விளக்கம் என்று பெயர். கலம் என்பது கப்பல். அதனைக் கரைக்கு அழைக்கும் விளக்கு என்பது பொருள்.

முஸ்லிம் பயணிகளின் ஏடுகளில் மிகுதியாகப் பேசப்படுவது இஸ்கந்தரிய்யாவின் மனாராவாகும். கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் தாலமி மன்னர்கள் எழுப்பிய அக்கோபுரத்தை, அந்தலூஸிய நாட்டு அறிஞர் இப்னு ஜுபைர் 1183-ல் (ஹிஜ்ரி 578) சென்று பார்த்தார். அதன் நான்கு பக்கங்களுள் ஒன்றை அவர் அளந்தபோது, இரு கைகளையும் விரித்த அளவில் ஐம்பதுக்கும் மேல் இருந்தது. எழுபது மைலுக்கு அப்பாலிருந்தும் அது தெரியும் என்றும், உச்சியில் ஒரு பள்ளிவாசல் இருந்தது என்றும் அவர் குறித்துள்ளார். அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு பிந்தி, 1326-ல், தன்ஜா நகரத்து இளைஞர் ஒருவர் அங்கே வந்தார். அவரே மஅபர் நாட்டிற்கும் பின்னாளில் வந்து சென்ற இப்னு பதூதா. கோபுரத்தின் ஒரு பக்கம் இடிந்திருந்ததை அப்போது கண்டார். 1349-ல் திரும்பி வந்தபோதோ, வாயில்வரை ஏறவும் முடியாத அளவுக்கு அது பாழடைந்து கிடந்தது. நிலநடுக்கங்கள் அதனை வீழ்த்தின. 1477-ல் ஸுல்தான் காயித்பாய் அந்த இடத்தில் ஒரு கோட்டையை எழுப்பத் தொடங்கினார். அக்கோட்டை இன்றும் நிற்கிறது.

இப்னு பதூதாவின் பிறந்த ஊருக்கு அருகிலேயே, அவர் காலத்துக்கு ஐந்து நூற்றாண்டுகள் கழித்து மற்றொரு மனாரா எழுந்தது. அதன் வரலாற்றை நம்மவர் அதிகம் அறிந்திலர்.

தன்ஜாவிலிருந்து மேற்கே சுமார் 14 கிலோமீட்டர் தொலைவில், மரங்கள் அடர்ந்த மலைச்சாலையின் முடிவில் ஸ்பார்ட்டெல் முனை உள்ளது. ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையான அங்கே, பாறைகள் செங்குத்தாகக் கடலில் இறங்குகின்றன. ஒருபுறம் அட்லாண்டிக் பெருங்கடல். மறுபுறம் ஜபலுத் தாரிக் ஜலசந்தி. கி.பி. 711-ல் தாரிக் இப்னு ஸியாத் கடந்து சென்ற நீர்வழி அது. மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் 14 கிலோமீட்டர்தான். பெருங்கடலின் மேல்நீர் இடைவிடாது கிழக்கு நோக்கி உள்ளே பாய்கிறது. காற்றும் மூடுபனியும் அதனுடன் சேரும். இரவில் மேற்கிலிருந்து வரும் மாலுமிக்கு, வாயில் எங்கே, பாறை எங்கே என்பது தெரியாது. 1860-ல் பிரேசில் கடற்படையின் ‘டோனா இஸபெல்’ என்னும் கப்பல் இக்கரையருகே உடைந்து பலர் மாண்டனர்.

அப்போது மொராக்கோவை ஆண்டவர் ஸுல்தான் நான்காம் முஹம்மத். 1859-ல் அரியணை ஏறிய உடனே ஸ்பெயின் அவர்மீது போர் தொடுத்தது. திதுவான் நகரம் வீழ்ந்தது. 1860-ல் உடன்படிக்கை ஏற்பட்டபோது 2 கோடி துரோ நாணயங்களை இழப்பீடாகத் தரவேண்டியதாயிற்று. அதற்காகத் துறைமுகச் சுங்க வருவாயின் பெரும் பங்கு கைவிட்டுப் போயிற்று. கருவூலம் வறண்டிருந்த இந்த நிலையில்தான், ஐரோப்பியத் தூதர்களின் வேண்டுகோளை ஏற்று, தம் அரசின் செலவிலேயே ஸ்பார்ட்டெல் முனையில் கலங்கரை விளக்கம் கட்ட ஸுல்தான் உத்தரவிட்டார். பிரெஞ்சுப் பொறியியலாளர்கள் வரைந்து கட்டினர். மக்ரிப் நாட்டுப் பள்ளிவாசல் மினாராக்களைப் போலச் சதுர வடிவில் எழுந்த அக்கோபுரம் 1864 அக்டோபரில் ஒளி வீசத் தொடங்கியது. கோபுரத்தின் உயரம் 24 மீட்டர். பாறையின் உயரத்தையும் சேர்த்தால் விளக்கு கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 95 மீட்டரில் நிற்கிறது.

விளக்கை ஏற்றியாயிற்று, அதனை யார் காப்பது? இதுவே அடுத்த வினா. 1865 மே 31 அன்று (ஹிஜ்ரி 1282) தன்ஜாவில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஆஸ்திரியா, பெல்ஜியம், ஸ்பெயின், அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன், இத்தாலி, நெதர்லாந்து, போர்ச்சுகல், ஸ்வீடன் ஆகிய பத்து நாடுகள் ஒருபுறம், மொராக்கோ மறுபுறம். மொராக்கோவுக்கு அப்போது போர்க்கப்பலும் இல்லை, வணிகக் கப்பலும் இல்லை. ஆகவே பராமரிப்புச் செலவை மற்ற நாடுகள் சமமாகப் பகிர்ந்துகொண்டு, நிர்வாகத்தையும் தம் பிரதிநிதிகள் வழியே நடத்துவது என்று முடிவாயிற்று. காவலுக்கு ஒரு காயிதும் நான்கு வீரர்களும் ஸுல்தான் தரப்பிலிருந்து வருவர்.

இதில் இரண்டு விதிகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று: நிர்வாகம் பிறரிடம் சென்றாலும், உடைமையும் இறைமையும் ஸுல்தானுக்கே உரியவை, கோபுரத்தின்மீது அவருடைய கொடி ஒன்றே பறக்கவேண்டும். மற்றொன்று: கையெழுத்திட்ட நாடுகள் தமக்குள் போர் புரிந்தாலும், மொராக்கோவுடனேயே போர் புரிந்தாலும், இவ்விளக்கின் நடுநிலைமையை மதித்தாகவேண்டும். பல நாடுகள் கூடி ஒரு பொதுக்காரியத்தைத் தொடர்ந்து நடத்திய முன்னோடி முயற்சிகளுள் இதனை வரலாற்றாசிரியர் வைத்து எண்ணுகின்றனர்.

இதனை இரு வகையாகவும் நோக்கலாம். வறுமையிலும் யாவருக்கும் பொதுவாக ஒளி தந்த ஓர் அரசின் பெருந்தன்மை ஒருபுறம் தெரிகிறது. தன் மண்ணில், தன் பொருளால் கட்டிய விளக்கைத் தானே நடத்த இயலாத ஒரு நாட்டின் தளர்ச்சி மறுபுறம் தெரிகிறது. இஸ்கந்தரிய்யாவிலும் பிற துறைகளிலும் கடல் வாணிகத்தை ஆண்டவர்களின் வழித்தோன்றல்கள், ‘கப்பல் இல்லாதவர்’ என்று ஓர் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டதை நாம் எளிதாகக் கடந்து செல்ல முடியாது. கொடியைக் குறித்த அந்த விதி நாட்டைக் காக்கவுமில்லை. 1912-ல் மொராக்கோ பிரான்ஸின் பாதுகாப்பின்கீழ் வந்தது. ஸ்பெயினும் தன் பங்கை எடுத்துக்கொண்டது. 1923-ல் தன்ஜா, பல நாடுகள் ஆளும் நகரமாக்கப்பட்டது.

விளக்கு எரிந்ததால் ஆபத்து முழுவதும் நீங்கிவிடவுமில்லை. 1911 டிசம்பரில், இந்தியா நோக்கிப் புறப்பட்ட ‘டெல்லி’ என்னும் பிரிட்டிஷ் கப்பல் இம்முனையருகே கரைதட்டி நொறுங்கிற்று. மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் சகோதரி அதில் பயணம் செய்துகொண்டிருந்தார். அவர் உயிர் பிழைத்தார். மீட்க வந்த பிரெஞ்சு மாலுமிகள் மூவர் கடலுக்கு இரையாயினர். தம் கடமையில் உயிர் நீத்த அவர்களின் தியாகம் மறக்கத்தக்கதன்று.

1956-ல் மொராக்கோ விடுதலை பெற்றது. 1958-ல் ஸ்பார்ட்டெல் விளக்கின் நிர்வாகமும் அந்நாட்டிடமே ஒப்படைக்கப்பட்டது. தொண்ணூற்று மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, கட்டியவர்களின் பேரர்கள் கைக்குக் கோபுரத்தின் சாவி வந்து சேர்ந்தது. அம்முனைக்குச் செல்வோர் இரு கடல்கள் கூடும் அழகைக் கண்டு வியந்து திரும்புகின்றனர். அந்தச் சதுரக் கோபுரத்தை நிமிர்ந்து பார்க்கும்போது, அதனைக் கட்டியவர்களின் ஈகையை மட்டுமன்றி, அதனை இழந்திருந்த காலத்தையும் எண்ணிப் பார்ப்பது நலம். பிறருக்கு வழிகாட்டும் விளக்கை ஏற்றுவது சிறப்பு. அதற்கு எண்ணெய் வார்க்கும் வலிமையையும் ஒரு சமுதாயம் தன்னிடமே தேடி வைத்திருக்க வேண்டும்.