அறிஞர் தீர்ப்பும் கலைச்சுவையும்

சிற்பம் ஒன்றைக் கண்டு மகிழ்தல் எவர்க்கும் இயல்வதே. ஆயின், அதன் சிறப்பு இன்னதெனத் துணிந்து கூறுதற்குப் பயின்ற கண் வேண்டும். அப்பயிற்சி எத்தகையதாதல் வேண்டும் என்பதை, 1910 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் எழுந்த ஒரு வாதம் நன்கு புலப்படுத்துகின்றது.

அவ்வாண்டு சனவரித் திங்களில், கல்கத்தாக் கலைக் கல்லூரியின் தலைவராக விளங்கிய ஈ. பீ. ஹவெல், அரச கலைச் சங்கத்தில் இந்தியக் கலை பற்றி உரை நிகழ்த்தினார். அவைக்குத் தலைமை தாங்கியவர் சேர் ஜோர்ஜ் பேர்ட்வூட். அவர் கல்லாதவரல்லர், இந்தியக் கைத்தொழிற் கலைகளைப் பற்றி 1880 இல் பெருநூல் ஒன்று எழுதியவர். அத்தகையவரே, இந்தியாவில் நுண்கலை என ஒன்று இல்லை என்றார். யாவாத் தீவின் புத்தர் திருவுருவம் ஒன்றின் படத்தைச் சுட்டி, கொழுப்புச் சேர்த்து அவித்த மாப்பண்டத்திற்கு அதனை ஒப்பிட்டு எள்ளவும் செய்தார்.

இத்தீர்ப்பை மறுத்து, ஓவியர் ரொதென்ஸ்ரைன் முதலிய 13 பேர் கையொப்பமிட்ட கடிதம் அடுத்த மாதமே 'ரைம்ஸ்' இதழில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே இந்தியக் கலையைப் போற்றும் சங்கமொன்றும் அங்கு நிறுவப்பட்டது. அதனைத் தோற்றுவித்தவருள் ஒருவர், 1877 இல் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி.

குமாரசுவாமி முதற்கண் நிலவியல் அறிஞர். இலங்கையின் கனிப்பொருள்களை ஆராய வந்த அவர், கண்டி நாட்டுக் கைவினைஞரின் தொழின்முறைகளையும் மரபையும் ஆராய்ந்தறிந்து, 1908 இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூலை வெளியிட்டார். பின்னர் 1912 இல், சைவ நூல்களைத் துணைக்கொண்டு, நடராசர் திருவுருவத்தின் பொருளைச் 'சித்தாந்த தீபிகை' இதழில் விளக்கினார். உடுக்கை படைப்பையும், தீ அழித்தலையும், அமைத்த கரம் காத்தலையும், ஊன்றிய பாதம் மறைத்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் உணர்த்துமாற்றை அக்கட்டுரையால் மேனாட்டாரும் அறிந்தனர். வேற்றுநாட்டு விந்தைப் பொருளெனத் தோன்றிய உருவம், ஆழ்ந்த தத்துவத்தின் வடிவமாக அவர்க்குக் காட்சியளித்தது.

பேர்ட்வூட் அறிஞரே, குமாரசுவாமியும் அறிஞரே. முன்னவர் தமக்குப் பழகிய அளவுகோலால் பிறர் கலையை அளந்தார். பின்னவரோ, அக்கலையைப் படைத்தோர் கருத்தை முதலில் வினவி, அதன்பின்னரே மதிப்பிட்டார். ஆதலால், அறிஞர் தீர்ப்பின் பெருமை அவர் பெயரால் அமைவதன்று. முன்பு காணாததொன்றைக் காணும் ஆற்றலை நமக்கு அளிப்பதே அதன் பெருமையாகும்.