திருவண்ணாமலை டூ வண்டலூர்: ஒரே நாளில் லயன் சஃபாரி பார்த்துவிட்டு திரும்ப முடியுமா?

பள்ளிக்கு லீவு விட்டாச்சு, "சிங்கம் பார்க்கணும்" என்று பிள்ளைகள் நச்சரிக்க ஆரம்பித்தால், திருவண்ணாமலை குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வரும் இடம் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காதான். ஒரே நாளில் போய் வரலாம். ஆனால் போக ஏறக்குறைய 4 மணி நேரம், திரும்ப 4 மணி நேரம் சாலையிலேயே கழிந்துவிடும். பூங்காவுக்குள் கிடைக்கும் ஐந்தாறு மணி நேரத்தை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எந்த நாளில் போகக் கூடாது?

செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு வார விடுமுறை. இது தெரியாமல் அதிகாலையில் கிளம்பிப் போய், மூடிய கேட்டைப் பார்த்துவிட்டு திரும்பும் வெளியூர்க்காரர்கள் உண்டு. காணும் பொங்கல் அன்று பூங்கா நிரம்பி வழியும். கைக்குழந்தை, வயதானவர்களோடு போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

திருவண்ணாமலைக்காரர்கள் இன்னொரு நாளையும் பார்க்க வேண்டும்: பௌர்ணமி. காலையில் பஸ் காலியாகத்தான் போகும். மாலையில் திரும்பும்போதுதான் சிக்கல். கிரிவலம் வரும் கூட்டம் மொத்தமும் அதே பஸ்ஸில் ஏறும். தூங்கி வழியும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றபடி வர வேண்டியிருக்கும். கார்த்திகை தீபத்துக்கு விடும் உள்ளூர் விடுமுறையில் கிளம்புவதும் அப்படித்தான். ஊர் எல்லையில் உள்ள தற்காலிக பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கிவிடுவார்கள்.

எப்படிப் போவது?

செஞ்சி, திண்டிவனம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டு வழியாகச் செல்லும் சென்னை பஸ்தான் வசதி. அதிகாலை 5 மணிக்குள் ஏறிவிட்டால் 9 மணியை ஒட்டி, பூங்கா திறக்கும் நேரத்தில் போய்ச் சேரலாம். கோயம்பேடு வரை போய் அலைந்த கதை இப்போது இல்லை. 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் கலைஞர் நூற்றாண்டு பேருந்து முனையத்தில் இறங்கினால், அங்கிருந்து ஜிஎஸ்டி சாலையில் மாநகரப் பேருந்திலோ ஆட்டோவிலோ சில நிமிடங்களில் பூங்கா வந்துவிடும்.

ஒரு பெயர்க் குழப்பம் மட்டும் கவனம். கிளாம்பாக்கம் வேறு, கேளம்பாக்கம் வேறு. கேளம்பாக்கம் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிறது. வண்டலூரிலிருந்து அங்கே போகும் சாலை பூங்காவை ஒட்டியே பிரிவதால், ஆட்டோவில் ஏறும்போது ஊர் பெயரைச் சொல்லாமல் "ஜூ" என்று சொல்வதே பாதுகாப்பு. ரயிலை நம்ப வேண்டாம். திருவண்ணாமலையிலிருந்து சென்னை கடற்கரைக்குச் செல்லும் ரயில் வேலூர், அரக்கோணம் என்று சுற்றிக்கொண்டு போகிறது. வண்டலூர் அதன் பாதையிலேயே இல்லை.

சஃபாரியில் சிங்கம் கண்டிப்பாகத் தெரியுமா?

பிள்ளைகளிடம் கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டிய விஷயம் இது: கண்டிப்பாகத் தெரியும் என்று சொல்ல முடியாது.

கூண்டு வைத்த ஜூவில் மிருகம் அடைபட்டிருக்கும், மனிதர்கள் நடந்து போவார்கள். சஃபாரியில் இது தலைகீழ். வேலி போட்ட காட்டுப் பகுதியில் சிங்கம் சுதந்திரமாகத் திரியும், கம்பி போட்ட வண்டிக்குள் நாம் அடைபட்டிருப்போம். அது எங்கே படுத்திருக்கும் என்பதை அதுதான் முடிவு செய்யும்.

2025 அக்டோபர் தொடக்கத்தில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். பெங்களூரு பன்னார்கட்டாவில் இருந்து கொண்டுவரப்பட்ட ஷேர்யார் என்ற ஆண் சிங்கத்தை வண்டலூர் சஃபாரி பகுதியில் திறந்துவிட்டார்கள். மாலையில் உணவுக்காகத் தன் இருப்பிடத்துக்குத் திரும்ப வேண்டிய சிங்கம் வரவில்லை. "சிங்கத்தைக் காணோம்" என்று செய்தி பரவி, சுற்றுவட்டாரத்தில் பரபரப்பானது. தனிக் குழுக்களும் ட்ரோன்களும் தேடின. சிங்கம் வேலியைத் தாண்டவே இல்லை. புதிய இடம் பிடித்துப்போய் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, சில நாள்களில் தானாகத் திரும்பியது. தினமும் பார்த்துப் பழகிய ஊழியர்களுக்கே கண்ணில் படாத சிங்கம், சில நிமிடங்கள் வண்டியில் கடந்து போகிறவர்களுக்கு எதிரே வந்து நிற்கும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரைகூட ஓய்வெடுக்கும். வெயில் ஏற ஏற நிழலைத் தேடி புதருக்குள் போய்ப் படுத்துவிடும். அதனால் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக சஃபாரி டிக்கெட்டை எடுப்பது நல்லது. மற்ற விலங்குகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நுழைவுக் கட்டணம் வேறு, சஃபாரி கட்டணம் வேறு. கட்டணங்களையும், அன்றைக்கு சஃபாரி வண்டி ஓடுகிறதா என்பதையும் முந்தைய நாளே பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பார்த்துவிட வேண்டும்.

வண்டிக்குள் எதில் கவனம் தேவை?

ஜன்னல் கம்பிக்கு வெளியே விரல்கூடப் போகக் கூடாது. போன் பிடித்த கையும்தான். 2025 ஆகஸ்டில் பன்னார்கட்டா சஃபாரியில், வண்டியின் ஜன்னலை எட்டிய சிறுத்தை கீறியதில் ஒரு சிறுவன் காயமடைந்தான். பிள்ளைகளை ஜன்னலோரம் உட்கார வைத்தால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருப்பது அவசியம். விலங்குகளைச் சீண்டுவதும் அவற்றுக்குத் தீனி போடுவதும் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் 38ஜே பிரிவின்படி குற்றம். குரங்குக்குப் போடும் பிஸ்கட்டும் அதில் அடக்கம்.

மீதி நேரம்?

1855-ல் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கி, 1985-ல் வண்டலூரில் திறக்கப்பட்ட இந்தப் பூங்காவின் பரப்பு சுமார் 602 ஹெக்டேர். முழுவதையும் நடந்தே பார்க்கலாம் என்று இறங்கினால் மதியத்துக்குள் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். பேட்டரி வண்டியில் போய், புலி, யானை, பறவைகள் என்று முக்கியமானவற்றை மட்டும் பார்த்தால் போதும். பிளாஸ்டிக்குக்கு உள்ளே அனுமதி இல்லை. தண்ணீரை எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோகலாம். மே மாத வெயிலில் போவது வீண். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமாக இருக்கும், ஆனால் புயல் எச்சரிக்கை உள்ள நாள்களில் கிளம்பக் கூடாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் இங்கே ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது.

மாலை 4 மணிக்குள் கிளாம்பாக்கம் வந்துவிட்டால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம்.

இவ்வளவு தூரம் முடியாதென்றால்?

திருவண்ணாமலையிலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் உள்ள சாத்தனூர் அணையில் முதலைப் பண்ணை இருக்கிறது. காலையில் நிதானமாகக் கிளம்பினாலே போதும். வேலூர் பக்கம் போகிறவர்களுக்கு ஜவ்வாது மலை அடிவாரத்தில் அமிர்தி சிறு வன உயிரினப் பூங்கா உண்டு. இரண்டிலும் சிங்கம் கிடையாது. சிங்கம்தான் வேண்டும், ஆனால் வீடு செங்கம் பக்கம் என்பவர்கள் கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக பன்னார்கட்டா போவதையும் யோசிக்கலாம். அங்கேயும் செவ்வாய்க்கிழமை விடுமுறைதான்.