இருப்புப் படங்களும் குறிச்சொற்களும்: தமிழ்நாட்டு ஒளிப்பட விற்பனையின் வரலாறு

இருப்புப் படம் என்பது, குறிப்பிட்ட ஒரு வாடிக்கையாளருக்காக எடுக்கப்படாமல், பின்னாளில் யாருக்கேனும் பயன்படும் என்று எடுத்துச் சேர்த்து வைக்கப்பட்டு, கேட்பவருக்கு உரிமம் கொடுத்து விற்கப்படும் ஒளிப்படம் ஆகும். ‘ஸ்டாக் போட்டோ’ என்ற ஆங்கிலச் சொல்லையே பலரும் வழங்குகின்றனர். திருமண வீட்டில் படம் எடுப்பவருக்கு, பணம் தருபவர் எதிரிலேயே நிற்கிறார். இருப்புப் படம் எடுப்பவருக்கு வாங்குபவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டில் வருவார் என்று எதுவும் தெரியாது. இருவரையும் சந்திக்க வைப்பவை படத்தோடு சேர்த்து எழுதப்படும் சொற்கள். அவற்றைக் குறிச்சொற்கள் என்கிறோம்.

காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் போன்ற ஒரு சிற்றூரின் படம் உலகச் சந்தையில் இருக்கிறதா இல்லையா என்பது, படம் எடுக்கப்பட்டதை மட்டும் பொறுத்ததன்று. அந்த ஊரின் பெயர் படத்தோடு எழுதப்பட்டதா, எந்த எழுத்துக்கூட்டலில் எழுதப்பட்டது என்பதையும் பொறுத்தது. இந்தச் சிக்கல் கணினியோடு வந்தது என்று நினைக்கிறோம். தமிழ்நாட்டில் அதற்கு 160 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

அரசு ஒளிப்படக்காரர்

சென்னை மாகாண அரசு 1856-இல் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரியைத் தன் ஒளிப்படக்காரராக நியமித்தது. அவர் 1857 இறுதியிலிருந்து 1858 வரை திருவரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் எனச் சுற்றி, மெழுகு பூசிய காகித நெகட்டிவ்களில் கோயில்களையும் கோட்டைகளையும் பதிவு செய்தார். படங்கள் ஊர்வாரியாகத் தொகுக்கப்பட்டு 1858-இல் தொகுதிகளாக வெளிவந்தன. ஒவ்வொரு படத்துக்கும் எண்ணும் தலைப்பும் உண்டு. விளக்கக் குறிப்புகளை எழுதியவர்கள் வேறு சிலர். படம் எடுப்பவர் ஒருவர், பெயர் எழுதுபவர் இன்னொருவர் என்ற பிரிவினை தொடக்கத்திலேயே வந்துவிட்டது.

தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டு வரிகளை டிரைப் 21 நெகட்டிவ்களில் எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளப் படமாக்கினார். அன்று அந்த வரிகளின் முழு வாசிப்பு அச்சில் இல்லை. ஹுல்ட்ஸ் 1886-இல் மாகாணக் கல்வெட்டு ஆய்வாளராகப் பொறுப்பேற்று, 1891 முதல் தஞ்சைக் கல்வெட்டுகளைத் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் பதிப்பித்த பிறகே உலகம் அவற்றை முறையாகப் படித்தது. படம் முப்பது ஆண்டுகள் சொல்லுக்காகக் காத்திருந்தது. டிரைப்பின் அலுவலகமோ அவ்வளவு காலம் நீடிக்கவில்லை. ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் 1859-இல் அதை வீண் ஆடம்பரம் என்று கருதி மூடச் செய்தார். சிக்கனத்தின் பெயரால் எடுக்கப்பட்ட மோசமான முடிவுகளில் அதுவும் ஒன்று என்பது என் கருத்து.

அரசு கைவிட்டதை வணிகர்கள் எடுத்துக்கொண்டனர். 1863-இல் இந்தியா வந்த சாமுவேல் போர்ன், தாம் எடுத்த ஒவ்வொரு நெகட்டிவுக்கும் எண் கொடுத்து, எண்ணும் தலைப்பும் கொண்ட விலைப்பட்டியலை அச்சிட்டார். லண்டனில் இருப்பவரும் எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் படம் தபாலில் வரும். இருப்புப் பட வணிகத்தின் இலக்கணம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது: ஒரு முறை எடுத்தல், பல முறை விற்றல், இரண்டுக்கும் நடுவே ஒரு பட்டியல். போர்ன் 1870-இல் தாயகம் திரும்பினார். அவருடைய போர்ன் அண்ட் ஷெப்பர்டு நிறுவனம் கல்கத்தாவில் தொடர்ந்தது. 1991-இல் நேர்ந்த தீ அதன் சேமிப்பைப் பெருமளவு அழித்தது. 2016-இல் கடை மூடப்பட்டது.

சென்னையில் நிக்கோலஸ் நிறுவனமும், பின்னர் வீலே அண்ட் கிளைன் நிறுவனமும் இதே வழியில் நடந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பட அஞ்சலட்டை பரவியபோது, ஹிக்கின்பாதம்ஸ் போன்ற கடைகள் கோபுரங்களையும் தெருக்களையும் தொழிலாளர்களையும் அட்டைகளாக விற்றன. அவற்றின் அடிக்குறிப்புகளைப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். கோபுரத்துக்கு ஊர்ப்பெயர் இருக்கும். மனிதருக்குப் பெயர் இருக்காது, தொழிலோ சாதியோதான் இருக்கும். தறியில் அமர்ந்தவர் ‘நெசவாளர்’ என்ற ஒற்றைச் சொல்லாகிவிடுவார். இன்றைய விற்பனைத் தளங்களிலும் இந்தப் பழக்கம் மாறவில்லை.

பெட்டியிலிருந்து கணினிக்கு

விற்பனைக்காக இல்லாமல் ஆய்வுக்காகச் சேர்த்த தொகுப்புகளில் முதன்மையானது புதுச்சேரியில் உள்ளது. ழான் பிலியோசா 1955-இல் நிறுவிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், அடுத்த ஆண்டு முதல் தென்னிந்தியக் கோயில்களையும் சிலைகளையும் படம் எடுத்து ஊர்வாரியாக அடுக்கத் தொடங்கியது. அத்தொகுப்பில் 1,60,000-க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. திருட்டுப்போன சிலைகள் வெளிநாட்டு அருங்காட்சியகங்களில் கண்டறியப்பட்டபோது, அவை எந்தக் கோயிலுக்கு உரியவை என்று நிறுவ இந்தப் பழைய படங்கள் சான்றாக நின்றன. படத்தோடு ஊர்ப்பெயரும் கோயிற்பெயரும் எடுத்த நாளும் எழுதப்பட்டிருந்ததே அதற்குக் காரணம். பெயரில்லாத சிலைப் படத்தை வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் கேட்க முடியாது.

வணிக உலகில், ஜெர்மனியிலிருந்து 1935-இல் வெளியேறிய ஓட்டோ பெட்மன் இரண்டு பெட்டிகளில் படங்களோடு நியூயார்க் சேர்ந்து, 1936-இல் ஒரு படக் காப்பகத்தைத் தொடங்கினார். அவருடைய பலம் அட்டவணை அட்டைகள். இந்தியாவில் ஜகதீஷ் அகர்வால் 1987-இல் மும்பையில் டினோடியா நிறுவனத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் விற்பனை ஸ்லைடுகளில் நடந்தது. சிறிய அட்டைச் சட்டத்தின் ஓரத்தில் ஊர், பொருள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைப் பொடி எழுத்தில் எழுதி, பத்திரிகை அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்புவார்கள். திரும்பி வராத ஸ்லைடு போனது போனதுதான்.

1990-களில், படக்கோப்பின் உள்ளேயே தலைப்பையும் குறிச்சொற்களையும் பதிந்து வைக்கும் முறை வந்தது. செய்தித் துறையின் பன்னாட்டு அமைப்பான ஐ.பி.டி.சி. வகுத்த அந்த வரையறையை ஃபோட்டோஷாப் ஏற்றுக்கொண்டதால் அது பரவியது. 2000-இல் கனடாவில் புரூஸ் லிவிங்ஸ்டன் ஐஸ்டாக்ஃபோட்டோவையும், 2003-இல் நியூயார்க்கில் ஜான் ஓரிங்கர் ஷட்டர்ஸ்டாக்கையும் தொடங்கினர். ஓரிங்கர் தாமே எடுத்த 30,000 படங்களை முதலில் ஏற்றினார். 2006-இல் சந்தீப் மகேஸ்வரி, இந்திய முகங்களுக்கென்றே இமேஜஸ்பஜார் தளத்தை உருவாக்கினார். இனி நகரத்து ஸ்டூடியோக்காரர் மட்டுமின்றி, செவிலிமேட்டிலோ வாலாஜாபாத்திலோ இருக்கும் ஓர் இளைஞரும் படம் ஏற்றி விற்கலாம் என்ற நிலை வந்தது.

வருமானத்தைப் பற்றிப் பெரிய கனவு வேண்டாம். 2020 ஜூனில் ஷட்டர்ஸ்டாக் தன் பங்கீட்டு முறையை மாற்றியபோது, ஒரு பதிவிறக்கத்துக்கு எடுத்தவருக்குக் கிடைக்கும் குறைந்தபட்சத் தொகை 10 அமெரிக்க சென்ட் ஆனது. அன்றைய மதிப்பில் எட்டு ரூபாயைத் தொடாது.

காஞ்சிபுரத்தை எப்படி எழுதுவது?

ஷட்டர்ஸ்டாக் ஒரு படத்துக்குக் குறைந்தது 7, அதிகபட்சம் 50 குறிச்சொற்களை ஏற்கிறது. அடோபி ஸ்டாக்கில் உச்ச வரம்பு 49. அங்கே வரிசையும் முக்கியம், முதல் பத்துச் சொற்களுக்கு மதிப்பு அதிகம். பெரும்பாலும் குறிச்சொற்கள் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. தமிழ்ப் பெயர்களுக்குத் தொல்லை இங்கே தொடங்குகிறது.

நகரத்தின் பெயரை ஆங்கிலேயர் ‘கஞ்சீவரம்’ என்று ஒலிக்கும்படி எழுதினர். நகரை இன்று ‘கா’, ‘ஞ்’, ‘சி’ எனக் குறில் ஒலிக்கு எழுதுபவர் பலர். மாவட்டத்தின் பெயரோ அரசு ஆவணங்களில் ஆங்கில ‘ஈ’ எழுத்து இரண்டு போட்டு வருகிறது. சேலைக் கடைக்காரர் நான்காவது ஒரு வடிவத்தை வைத்திருக்கிறார். பட்டு தேடுபவர் ஒன்றையும், கோயில் தேடுபவர் மற்றொன்றையும் தட்டுகிறார். அதனால் அனுபவமுள்ளவர்கள் நான்கையும் எழுதிவிடுகிறார்கள்.

எழுத்துக்கூட்டலை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசே ஒரு முறை முயன்றது. 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வெளியிடப்பட்டது. கோவை, வேலூர் போன்றவற்றின் புதிய வடிவங்களைப் பார்த்து எழுந்த விமர்சனத்துக்குப் பின், சில நாள்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நல்லது, கூட்டல்தான் நாக்கில் நிற்கவில்லை.

மாவட்டங்களும் நிலையாக இல்லை. செங்கல்பட்டு மாவட்டம் 1997-இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் எனப் பிரிந்தது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானது. ஆகவே மாமல்லபுரக் கடற்கரைக் கோயிலின் பழைய படங்களில் ‘காஞ்சிபுரம் மாவட்டம்’ என்ற குறிச்சொல் எடுத்த நாளில் சரி, இன்றைக்குப் பிழை.

திருமுக்கூடலுக்கு இன்னொரு வகைச் சிக்கல். பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய மூன்றும் கூடும் ஊர் இது. திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் என்றே ஓர் ஊர் உள்ளது. கர்நாடகத்தில் காவிரியும் கபினியும் கூடும் இடத்தில் திருமகூடலு நரசிபுரம் இருக்கிறது. ஒரே வகுப்பில் மூன்று செந்தில்கள் இருந்தால், தந்தை பெயரின் முதலெழுத்து இல்லாமல் வருகைப் பதிவேடு ஓடாது. இங்கும் அப்படித்தான்: பாலாறு, பழையசீவரம், வாலாஜாபாத் ஆகிய சொற்கள் கூடவே நின்றால்தான் இந்தத் திருமுக்கூடல் தனியே தெரியும்.

அங்குள்ள அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் இராசேந்திரனின் மகன் வீரராசேந்திரன் காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று உள்ளது. அவன் ஆட்சி 1063 முதல் 1070 வரை. ‘வீரசோழன்’ என்ற ஆதுலர் சாலையில், அதாவது மருத்துவமனையில், 15 படுக்கைகள் இருந்ததையும், மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து கொண்டுவருவோர், நோயாளிகளைப் பார்க்கும் பெண்கள் ஆகியோருக்கான படியையும் அது கூறுகிறது. ஆண்டுதோறும் இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளைத் தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. ‘எபிகிராபியா இண்டிகா’ 21-ஆம் தொகுதியில் இது பதிப்பிக்கப்பட்டுள்ளது. இந்தச் சுவரைப் படம் எடுத்து ‘கல், சுவர், பழமை, இந்தியா’ என்று எழுதினால், விளம்பரத்துக்குப் பின்னணி தேடுபவர் வாங்கக்கூடும். மருத்துவ வரலாறு எழுதுபவர் கண்ணில் அது படாது. ‘மருத்துவமனை’, ‘சோழர்’, ‘வீரராசேந்திரன்’, ‘ஆதுலர் சாலை’ என்ற நான்கு சொற்கள் கூடுதலாக இருந்தால் படத்தின் வாழ்வே வேறு.

பொங்கலுக்கு மறுநாள் காஞ்சி வரதராசப் பெருமாள் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, ஆற்றைக் கடந்து திருமுக்கூடல் வரும் பார்வேட்டை விழாவும் அத்தகையதே. ‘விழா, கூட்டம், இந்தியா’ என்று எழுதப்பட்ட படம், ஆயிரக்கணக்கான விழாக் கூட்டப் படங்களுக்குள் கரைந்துவிடும்.

நெசவுப் படங்களில் பிழை இன்னும் எளிது. காஞ்சிபுரம் பட்டு 2005-06 முதல் புவிசார் குறியீடு பெற்ற பொருள். உடலும் கரையும் தனித்தனி நாடாக்களால் நெய்து கோர்க்கப்படும் கோர்வைச் சேலையும், விசைத்தறியில் ஒரே ஓட்டத்தில் வருவதும் படத்தில் பளபளப்பால் ஒன்றுபோல் தோன்றும். விசைத்தறிச் சேலைப் படத்தில் ஊர்ப்பெயரைச் சேர்ப்பவர், நெசவாளரின் உரிமையில் கை வைக்கிறார். குழித்தறி, பாவு, ஊடை, அச்சு, சரிகை ஆகியவற்றை அறிந்து பிரித்து எழுதுபவரின் படம் பாடநூல்காரருக்கும் பயன்படும்.

உரிமையும் அனுமதியும்

விளம்பரத்துக்குப் பயன்படும் படத்தில் முகம் தெரிந்தால், அவரது எழுத்துமூல ஒப்புதல் வேண்டும் என்று விற்பனைத் தளங்கள் கேட்கின்றன. இல்லையேல் செய்திப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று குறிக்க வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். கையெழுத்து இடும் நெசவாளருக்கு, தம் முகம் எங்கெங்கே வரலாம் என்பதைத் தமிழில் சொல்லுவது படம் எடுப்பவரின் கடமை. கோயிலுக்குள் எடுப்பதும் சுருங்கிவிட்டது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்க உத்தரவிட்டது. காப்புரிமையில், 2012 திருத்தத்துக்குப் பின் ஒளிப்படத்துக்கும் எடுத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு.

இப்போது பல தளங்களில் கணினியே குறிச்சொற்களைப் பரிந்துரைக்கிறது. கோபுரத்தைப் பார்த்துக் ‘கோயில், கட்டடக்கலை, வானம்’ என்று எழுதிவிடும். எந்தக் கோயில் என்பதை உள்ளூர்க்காரர் எழுத வேண்டியிருக்கிறது.

பணம் எதிர்பாராமல் படம் வழங்குவோருக்கு 2004-இல் தொடங்கிய விக்கிமீடியா பொதுவகம் இருக்கிறது. 2019 ஜனவரி முதல் அங்கே ஒவ்வொரு படத்துக்கும் பல மொழிகளில் சிறுகுறிப்பு எழுதலாம், தமிழிலும் எழுதலாம். பிறர் ஏற்றிய படத்துக்கும் குறிப்புச் சேர்க்க முடியும் என்பதால், ஒளிப்படக் கருவியே இல்லாதவரும் தம் ஊர்ப்படத்தின் கீழ் ஊர்ப்பெயரைத் தமிழில் சரியாக எழுதி வைக்கலாம்.